கிளினிக் மென்பொருள் நிறுவனம் பதிவுகளைத் தர மறுத்தால் என்ன செய்யலாம்?

டெல்டா மாவட்ட நகரம் ஒன்றில் குழந்தைகள் நல கிளினிக் நடத்தும் பெண் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடையது படுக்கை வசதி இல்லாத, புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் கிளினிக். அவர், ஒரு செவிலியர், வரவேற்பில் ஒரு பெண் என மூன்றே பேர். 2016-ல் ஒரு சிறிய நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கினார். ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்றார்கள். எல்லாம் கிளினிக் கணினியிலேயே பதிவானது. 2021-ல் அதே நிறுவனம் வற்புறுத்தி கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே திறக்கும் தன் சர்வருக்கு, மாற்றியது. அன்றிலிருந்து ஆண்டுச் சந்தா. சென்ற ஆண்டு அந்தச் சிறிய நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. இப்போது 24,000 ரூபாய் சந்தா 78,000 ஆகிவிட்டது. பழைய பதிப்பு இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படும், புதிய பதிப்புக்கு வராதவர்களின் கணக்கு மூடப்படும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. வேறு மென்பொருளுக்குப் போகிறேன், பதிவுகளைக் கொடுங்கள் என்று இவர் கேட்டதற்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிடிஎஃப் வீதம் நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள், மொத்தமாக அட்டவணையாக வேண்டுமென்றால் தனியாக 1,80,000 ரூபாய் கட்டுங்கள் என்று பதில். ஏறத்தாழ 14,000 குழந்தைகளின் பதிவுகள் உள்ளே இருக்கின்றன.

"போன வாரம் ஓர் அம்மா வந்தார். வீடு மாறியபோது மகளின் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது, பள்ளியில் கேட்கிறார்கள் என்றார். பிறந்த அன்று போட்ட பிசிஜி முதல் ஐந்து வயது பூஸ்டர் வரை இரண்டு நிமிடத்தில் அச்சிட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் இப்படி ஒருவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?" என்று எழுதியிருக்கிறார்.

அதோடு சில எண்ணங்களையும் பகிர்ந்திருக்கிறார். பதிவுகள் என் சொத்து, தராவிட்டால் போலீசில் புகார் கொடுக்கலாமா? நிறுவனம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் இணைந்திருப்பதால் பதிவுகள் தாமாகவே புதிய மென்பொருளுக்கு வந்துவிடும் என்று மருமகன் சொல்கிறார், சரியா? மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதுதானே விதி, பழையவற்றை விட்டுவிடலாமா? இன்னொரு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மருந்து நிறுவனத்தின் ஆதரவோடு மென்பொருளை இலவசமாகத் தருவதாகவும், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மருத்துவர்களும் கணினிமயமாகியே தீர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாகவும் சொல்கிறார். கணவரின் நண்பருடைய மகன் கணினிப் பொறியாளர். எப்படியாவது உள்ளே புகுந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

அன்புள்ள டாக்டர்,

முதலில் தேதியைக் கவனியுங்கள். இந்த மாதக் கடைசி வரை நீங்கள் சந்தா கட்டியிருக்கிறீர்கள். அதுவரை அந்த மென்பொருளைத் திறக்கவும் பதிவுகளைப் பார்க்கவும் உரிமையுள்ள பயனாளர் நீங்கள். தேதி தாண்டியபின், சந்தா முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரியை நிறுவனம் பிடித்துக்கொள்ளும். உங்கள் வாதம் செத்துவிடாது, ஆனால் பலம் குறையும். ஆகவே யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, பதிவுகளின் முழுப் பிரதி ஒன்று உங்கள் கைக்கு வருவதற்கான வேலையை இன்றே தொடங்குங்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கணினி இன்னும் இருக்கிறதா? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி இதுதான். 2016 முதல் 2021 வரை எல்லாம் கிளினிக் கணினியில்தான் பதிவானது என்கிறீர்கள். கிளவுடுக்கு மாற்றியபோது பிரதி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மூலம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பரண்மேல் கிடந்தாலும் சரி, அந்த சிபியுவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், புதிதாக எதையும் அதில் நிறுவாதீர்கள். அது உங்கள் கணினி. அதிலுள்ள உங்கள் பதிவுகளை எடுக்க அந்தப் பொறியாளர் பையனின் உதவியைத் தாராளமாகப் பெறலாம். மென்பொருளின் பதிப்புரிமையை மீறுவதாகுமே என்று யாராவது பயமுறுத்தினால் தயங்க வேண்டாம். நிரலை நகலெடுத்து விற்பதைத் தடுப்பதற்கான உரிமை அது. நீங்கள் தட்டச்சு செய்த எடையும் உயரமும் ஊசி போட்ட தேதியும் அந்த உரிமைக்குள் வராது.

ஆனால் கிளவுடில் இருப்பதை அதே பையன் 'உள்ளே புகுந்து' எடுப்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அடுத்தவரின் சர்வரில் அனுமதியின்றி நுழைவதும் தரவை இறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கம் என்று சேர்த்துக் கூறிவிட்டால் 66-வது பிரிவுக்குப் போய் அது குற்றமாகிவிடும். இன்று புகார் சொல்லும் இடத்தில் இருக்கும் நீங்கள், நாளை பதில் சொல்லும் இடத்தில் நிற்க நேரும். உங்கள் சொந்தக் கடவுச்சொல்லில் நுழைந்து, மென்பொருள் அனுமதிக்கும் வழியில், பிடிஎஃப் ஆகவே இருந்தாலும், எத்தனை முடியுமோ அத்தனை இறக்குவதில் எந்தத் தவறும் இல்லை. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், தடுப்பூசி அட்டவணை பாதியில் நிற்பவர்கள் ஆகியோரின் பதிவுகளை முதலில் இறக்கச் சொல்லுங்கள். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு இந்த மாதம் இதுவே முதல் வேலையாக இருக்கட்டும்.

பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

உங்களுக்கும் இல்லை, நிறுவனத்துக்கும் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் வெளியிட்டு 2016-ல் திருத்திய மின்னணு உடல்நலப் பதிவுத் தர நெறிகள், பதிவில் உள்ள தகவல் நோயாளிக்குச் சொந்தம், அவர் சார்பில் மருத்துவர் அதை நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கிறார் என்றே சொல்கின்றன. உங்களுடைய நோயாளிகள் குழந்தைகள். அவர்கள் சார்பில் பெற்றோர். 'என் சொத்தைத் திருப்பிக் கொடு' என்று கேட்பதைவிட, 'குழந்தைகளுக்காக நான் பொறுப்பேற்று வைத்திருப்பதைத் தடுக்க உனக்கு என்ன அதிகாரம்?' என்று கேட்பதே நீதிமன்றத்தில் வலுவாக நிற்கும் என்பது என் கருத்து.

ஏனென்றால் சட்டம் பிடிப்பது உங்களைத்தான். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 தொழில் நெறி விதிகள்படி, நோயாளியோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ பதிவு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நீங்கள் கொடுக்க வேண்டும். 'என் மென்பொருள் நிறுவனம் பூட்டிவிட்டது' என்ற பதிலுக்கு அந்த விதியில் இடமில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. அதன் கணக்கில் தரவுக்குப் பொறுப்பாளர் நீங்கள். மென்பொருள் நிறுவனம் உங்கள் சார்பில் அதைக் கையாளும் முகவர். முகவர் தவறினாலும் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும் என்கிறது 8-வது பிரிவு. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும் பொருந்தும். அவற்றிலும் மருத்துவப் பதிவு அந்தரங்கத் தகவல்தான்.

நிறுவனம் 'பாக்கி கட்டும்வரை தரவை வைத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று பேசக்கூடும். உங்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த வாதம் பலவீனமானது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170, 171 பிரிவுகள் ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையைச் சிலருக்கு, சில சூழல்களில் தருகின்றன. சர்வரில் இருக்கும் தரவு அப்படி ஒப்படைக்கப்பட்ட பொருளாகுமா? 2014-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதே சச்சரவு வந்தது. பத்திரிகை நிறுவனம் ஒன்றின் சந்தாதாரர் தரவுத்தளத்தைப் பராமரித்தவர்கள், பணம் வரும்வரை தரமாட்டோம் என்றார்கள். கையில் பிடிக்க முடியாத மின்னணுத் தரவின்மீது அத்தகைய பிடிமான உரிமை கிடையாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்ட உதவும்.

அரசுத் திட்டம் பதிவுகளை மாற்றித் தருமா?

மருமகன் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் திட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், நோயாளிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் குவித்து வைப்பதில்லை. ஆபா எனப்படும் 14 இலக்க உடல்நலக் கணக்கு எண் உள்ள ஒருவர் சம்மதம் தரும்போது, ஒரு கிளினிக்கில் உள்ள அவருடைய பதிவை இன்னொரு இடத்துக்குக் காட்டும் பாதையை மட்டுமே அது அமைத்துக்கொடுக்கிறது. பதிவு இருப்பது உங்கள் மென்பொருளின் சர்வரில்தான். அந்தக் கணக்கு மூடப்பட்டால், பாதை இருந்தும் மறுமுனையில் எடுத்துத் தர ஆள் இருக்க மாட்டார்கள். ஒரு கிளினிக் தன் 14,000 பதிவுகளையும் மொத்தமாக வேறு மென்பொருளுக்கு இடம் மாற்றிக்கொள்வதற்காக அது வடிவமைக்கப்படவே இல்லை. அதோடு, ஆபா எண் கட்டாயம் அல்ல. உங்கள் குழந்தைகளில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது, அதில் எத்தனை பேரின் பதிவு இணைக்கப்பட்டிருக்கிறது என்று மென்பொருளிலேயே பாருங்கள். 2016-ல் வந்த குழந்தைக்கு நிச்சயம் இருந்திருக்காது.

இந்தத் திட்டத்தில் சேர்ந்திருப்பது நிறுவனத்தைப் பற்றிச் சொல்லும் நல்ல செய்திதான், மறுக்கவில்லை. பதிவை எஃப்ஹெச்ஐஆர் என்ற பொது வடிவத்தில் தயாரிக்கத் தெரிந்த நிறுவனம் அது என்று அதற்குப் பொருள். அட்டவணையாகத் தருவது தொழில்நுட்பரீதியாகக் கடினம் என்று அவர்கள் சொன்னால், உங்கள் கடிதத்தில் இதைச் சுட்டிக்காட்டலாம்.

மூன்று ஆண்டு விதியும், குழந்தைகளும்

2002 விதிகள் மூன்று ஆண்டுகள் என்று சொல்வது உண்மை. அது குறைந்தபட்சம், அதுவும் பெரும்பாலும் உள்நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குழந்தை மருத்துவருக்கு நான் ஒருபோதும் அந்த எண்ணைச் சொல்ல மாட்டேன். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 6-வது பிரிவு, உரிமை எழும்போது மைனராக இருந்தவருக்கு, வயது வந்தபின் வழக்குத் தொடர அவகாசம் தருகிறது. ஆறு மாதக் குழந்தையாக உங்களிடம் வந்தவர் பதினெட்டு வயதைத் தாண்டிய பிறகும் கேள்வி கேட்க வழியிருக்கிறது. அப்போது நீங்கள் அன்று என்ன பார்த்தீர்கள், என்ன மருந்து எந்த அளவில் எழுதினீர்கள் என்பதற்கு அந்தப் பதிவைவிட்டால் வேறு சாட்சி இருக்காது. ஆகவே கடைசிக் குழந்தைக்கு 21 வயது ஆகும்வரை வைத்திருங்கள் என்பதே என் ஆலோசனை. மருத்துவக் காரணங்களை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

அப்படிப்பட்ட வழக்கில் அந்தப் பதிவு சாட்சியமாக ஏற்கப்பட வேண்டுமென்றால், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி), ஒரு வல்லுநரின் கையெழுத்தும் அதில் கேட்கிறார்கள். பிரதி கிடைத்த அன்றே ஹாஷ் மதிப்பைக் குறித்து, தேதியிட்டு, நிறுவனத்தின் ஒப்படைப்புக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனம் இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இலவச மென்பொருள் வேண்டாம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தப் பிரதிநிதி சொன்ன 'மூன்று ஆண்டுக் கட்டாயம்' எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய தொழில் நெறி விதிகளில், மூன்று ஆண்டுகளுக்குள் பதிவுகளை முழுமையாக மின்னணுமயமாக்க வேண்டும் என்ற வரி இருந்தது. அதே மாதம் 23-ம் தேதி அந்த விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. பழைய 2002 விதிகளே இன்றும் நடப்பில் உள்ளன. கணினிமயமாக்க முயற்சி செய்யுங்கள் என்று மட்டுமே அவை சொல்கின்றன. அவசரப்படுத்தி விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார்.

மருந்து நிறுவனத்தின் செலவில் மென்பொருள் வாங்குவது இரண்டு வகையில் ஆபத்து. மருத்துவர் மருந்து நிறுவனத்திடமிருந்து பரிசோ பணமோ பெறக்கூடாது என்று 2002 விதிகளில் 2009-ல் சேர்த்த பகுதி தடை செய்கிறது. மருத்துவர்களுக்கு இலவசங்கள் தரும் வழக்கத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. அடுத்து, அந்த மென்பொருள் உங்கள் பரிந்துரைச் சீட்டுகளிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. 2023 சட்டத்தின் 9-வது பிரிவு, குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் கேட்கிறது. அவர்களைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மருத்துவர்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு, ஆனால் அந்தக் குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும். மருந்து நிறுவனத்தின் விற்பனைத் துறைக்கு அந்த விலக்கு நீளாது.

இது வெறும் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சிறு கிளினிக்குகளுக்கு இலவசமாக மென்பொருள் கொடுத்துப் பெரிதாக வளர்ந்தது பிராக்டிஸ் ஃபியூஷன். மருத்துவர் திரையில் தோன்றும் அறிவுறுத்தலை, ஓபியாய்டு வலி நிவாரணி விற்பனை உயரும் வகையில் அமைத்துக்கொடுக்க ஒரு மருந்து நிறுவனத்திடம் கையூட்டு வாங்கியதற்காக, 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கட்ட அது ஒப்புக்கொண்டது. ஒரு நோயாளியின் முன் உட்கார்ந்து முடிவெடுக்கும் அந்தச் சில நொடிகள் விலைக்கு விற்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மேசையில் இருக்கும் திரைக்கு யார் பணம் தருகிறார்கள் என்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

இந்தச் சந்தை ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

'இருபது ஆண்டு அனுபவம் உள்ள நான் எப்படி இப்படி ஏமாந்தேன்?' என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஏமாளித்தனம் இல்லை, டாக்டர். பெரிய மருத்துவமனை மென்பொருள் வாங்கும்போது கணினித் துறையும் சட்டத் துறையும் சேர்ந்து ஒப்பந்தத்தை வரிவரியாகப் பேரம் பேசுகின்றன. ஒற்றை மருத்துவர் கிளினிக்கில், காய்ச்சல் காலத்து மாலைக் கூட்டத்துக்கு நடுவே, வரவேற்பில் இருப்பவர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துகிறார். நுழைவு விலையைக் குறைத்து வைத்து, பதிவுகள் குவிந்தபின் புதுப்பிப்பில் சம்பாதிப்பதுதான் இந்தத் துறையில் பல நிறுவனங்களின் கணக்கு. நீங்கள் வெளியேற ஆகும் செலவும் சிரமமும் எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு அவர்களால் விலையை உயர்த்த முடியும். 54,000 ரூபாய் உயர்வையும் 1,80,000 ரூபாய் கேட்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது எண், முதலாவதை ஏற்கவைப்பதற்காக.

அமெரிக்காவில் 2009-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து மின்னணுப் பதிவுக்கு அவசரமாக மாற்றியது. வெளியேறும் வழியைப் பற்றி அப்போது பலர் கவலைப்படவில்லை. புறநோயாளி கிளினிக்குகளில் பரவலாக இருந்த ஈகிளினிக்கல்வொர்க்ஸ் 2017-ல் 15.5 கோடி டாலர் கட்டி ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தரவை வேறு மென்பொருளுக்கு மாற்றித் தரும் வசதி போதுமான அளவில் இல்லாமலே தகுதிச் சான்று பெற்றது என்பது அதன் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2016-ல் அங்கே, பதிவுகள் போய்ச்சேர விடாமல் தடுக்கும் 'தகவல் தடுப்பு' என்பதையே தவறாக்கிச் சட்டம் இயற்றிவிட்டார்கள். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இன்னும் இல்லை. இங்கும் 2023 ஜனவரியில் மின்னணுப் பதிவுக்கு ஊக்கத்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது; விற்பனை வேகம் கூடுகிறது. சட்டம் வரும்வரை உங்கள் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் மட்டும்தான்.

எந்த வழியில் போகலாம்?

போலீஸ் முதல் வழியல்ல. இது சிவில் தகராறு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்; நாட்கள் போய்விடும். சந்தா நடப்பில் இருக்கும்போதே உங்களை உள்ளே விடாமல் தடுத்தால், 43-வது பிரிவின்படி அது அணுகல் மறுப்பு. அதற்கான இழப்பீட்டை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பு அதிகாரி அவர்தான். இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை.

தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் வேறு மாநில நகரத்தில் நடுவர் மன்றம் தீர்க்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கக்கூடும். அப்படியானால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடுவர் சட்டம் 1996-ன் 9-வது பிரிவின்படி, நடுவர் விசாரணைக்கு முன்பே, 'கணக்கை மூடாதே, தரவை அழிக்காதே' என்ற இடைக்கால உத்தரவை நீதிமன்றத்தில் கேட்கலாம். உத்தரவு கிடைத்தால் 90 நாட்களுக்குள் நடுவர் நடவடிக்கை தொடங்க வேண்டும். ஒற்றை நடுவரை நிறுவனமே நியமிக்கும் என்ற ஷரத்து இருந்தால், 2019-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அது நிற்காது. ஆனால் அந்த ஊருக்குப் போய்வரும் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் நீங்கள் தகராறு செய்யும் தொகையைத் தாண்டிவிடக்கூடும். நுகர்வோர் ஆணையம் செலவு குறைந்த வழி. அங்கே நிறுவனம், இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல என்று வாதிடும். அந்த எதிர்வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

இத்தனையும் எடைபோட்டுப் பார்த்தால், நான் சொல்வது இதுதான். இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸாக இல்லாமல் உங்கள் கையெழுத்திலேயே, விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். எல்லாப் பதிவுகளையும் எக்செல் அல்லது சிஎஸ்வி அட்டவணையாக, ஸ்கேன் செய்து ஏற்றிய படங்களோடு, பத்து நாட்களுக்குள் தரக் கேளுங்கள். நோயாளிகளுக்கு 72 மணி நேரத்தில் பதிவு தர வேண்டிய உங்கள் கடமையைக் குறிப்பிடுங்கள். கணக்கை மூடினாலோ அழித்தாலோ குழந்தைகளுக்கு ஏற்படும் பாதிப்புக்கு நிறுவனமே பொறுப்பு என்று எழுதுங்கள். கூடவே, ஓராண்டுக்குப் பதில் மூன்று மாதம் மட்டும் பழைய விகிதத்தில் நீட்டிக்கக் கேளுங்கள். விற்பனைப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள குறைதீர் அதிகாரியின் பெயருக்கும் அனுப்புங்கள். தங்கள் பெயர் நல்ல பெயராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவரும்.

வராவிட்டால், புதிய விகிதத்திலேயே மூன்று மாதத்துக்கான தொகையை 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டுங்கள். வற்புறுத்தலின் பேரில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு இடம் தருகிறது. திரும்பக் கிடைப்பது உறுதி என்று சொல்லமாட்டேன். தடுப்பூசிப் பதிவுகள் தொலைவதைவிட இந்தப் பணம் போவது மேல் என்று நினைக்கிறேன்.

பிரதி வந்தபின் செய்ய வேண்டியது

கோப்பு வந்துவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். புதிய மென்பொருளில் ஏற்றும் முன், இருபது குழந்தைகளின் பதிவை நீங்களே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 2016-ல் தமிழில் தட்டச்சு செய்த பெயர்களும் குறிப்புகளும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால், அட்டவணையில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த எழுத்துரு என்று பழைய நிறுவனத்திடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த தேதிக்குப் பதில் 'இரண்டரை வயது' என்று மட்டும் பதிவாகியிருந்தால் வளர்ச்சி வரைபடம் முழுவதும் தவறாகும். பிடிஎஃப் மட்டும் போதாது என்று நான் வலியுறுத்துவதும் இதற்காகத்தான். அதில் வளர்ச்சிக் கோடு படமாக மட்டுமே இருக்கும். அடுத்த மாத எடையை அந்தக் கோட்டில் சேர்க்க முடியாது.

புதிய மென்பொருள் வாங்கும்போது ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்:

• எந்த நேரமும், கூடுதல் கட்டணமின்றி, முழுத் தரவையும் நீங்களே அட்டவணையாக இறக்கும் வசதி. விற்பனைக் காட்சியின்போதே அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

• ஒப்பந்தம் முடிந்தபின் குறைந்தது 90 நாள் பார்வை அனுமதி. அதன்பின் தரவை அழித்ததற்கு எழுத்துச் சான்று.

• நிறுவனம் கைமாறினாலும் இதே விதிமுறைகள் தொடரும் என்ற உறுதி, ஆண்டு உயர்வுக்கு உச்ச வரம்பு.

• உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி, பெயர் நீக்கிய வடிவிலும், தரவை யாருக்கும் தரக்கூடாது.

கடைசி ஷரத்தை விற்பனைப் பிரதிநிதிகள் 'எல்லோரும் செய்வதுதான்' என்று கூறி விட்டுவிடச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். காகிதத்துக்கே திரும்பிவிடலாமா என்ற உங்கள் கணவரின் யோசனையும் சட்டப்படி தவறில்லை. புதிய மென்பொருள் அமையும்வரை தடுப்பூசிப் பதிவேட்டை மட்டும் ஒரு நோட்டிலும் எழுதி வருவது நல்லது.

மென்பொருள் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம், 2021-ல் கிளவுடுக்கு மாறியபோது வந்த மின்னஞ்சல்கள், கடைசி மூன்று ரசீதுகள் ஆகியவற்றின் நகலை எனக்கு அனுப்புங்கள். நடுவர் ஷரத்தைப் படித்தபின் கடிதத்தின் வரைவைத் திருத்தித் தருகிறேன். அனுப்பும்போது குழந்தைகளின் பெயர் தெரியும் பக்கம் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.